நொட்டாங்கை ஷாட்

பொன்னாடை போர்த்தும் வரிசையில் நின்றிருந்த சீனிவாசகத்துக்கு, தன் கையிலிருந்த பொன்னாடை மற்றவர்கள் கையில் இருந்ததைவிட மட்டம் என்பது நன்றாகவே தெரியும். கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறக்கப் போனபோது, "அதெல்லாம் வேண்டாம், வெளிய அடுக்கியிருக்கதுல ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கியதே அவர்தான். ஜரிகை மாதிரி இருந்தது ஜரிகை இல்லை. மேடையில் நவநீதகிருஷ்ணன் கழுத்தை நீட்டி நீட்டிப் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தான். மாவட்ட கிரிக்கெட் சங்கத்துக்குப் புதுச் செயலாளர். போட்டியில்லாமல் தேர்வு. போட்டி போட ஆளே இல்லையா என்று கேட்டால், இருந்தது, ஓர் ஆள் இருந்தது. அந்த ஆள்தான் இப்போது மட்டமான பொன்னாடையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

வட்டார லீக் ஆட்டங்களை இத்தனை வருஷம் நடத்தியவர் சீனிவாசகம். தன் அச்சகத்து வேனில் பிட்ச் விரிப்பைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு போய் விரித்தவர், அம்பயர் வராத நாளில் தானே வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றவர், தாயில்பட்டிப் பையன்களுக்கும் சாத்தூர்ப் பையன்களுக்கும் அடிதடி வந்தால் நடுவில் புகுந்து சட்டை கிழிந்தவர். நவநீதன் அத்தனை வருஷமும் மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மாநில அணிக்கு ஆடினான், அதை வைத்துச் சென்னையில் வேலை வாங்கினான், அப்பா படுத்ததும் ஊருக்கு வந்து நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் உட்கார்ந்தான். கம்பெனி வளர்ந்தது. அதற்குப் பிறகு அவனுக்குக் கிரிக்கெட் ஞாபகம் வந்தது. புது மைதானத்துக்கு விருதுநகர் ரோட்டில் இடம் பிடித்துக் கொடுத்தான். உடனே சங்கத்தில் நாலு பேர் சீனிவாசகத்தின் அச்சகத்துக்கு வந்து, "நவநீதன்னா சென்னையில பேச்சு எடுபடும் அண்ணாச்சி. நீங்க பெரிய மனசு பண்ணணும்" என்றார்கள். அவரும் பெரிய மனசு பண்ணினார். பண்ணிய நாளிலிருந்து அவருக்குச் சோறு செரிக்கவில்லை.

அவர் முறை வந்தது. போர்த்தப் போன கையை நவநீதன் பிடித்துக்கொண்டான். "வாலே, நொட்டை!"

அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட இப்போது ஊரில் வேறு ஆள் இல்லை. நொட்டாங்கையால் மட்டை பிடித்ததால் பள்ளிக்கூடத்தில் வைத்த பேர். எழுதுவதையும் சாப்பிடுவதையும் அம்மா அடித்து வலது கைக்கு மாற்றிவிட்டாள். மட்டையை மட்டும் மாற்ற முடியவில்லை. பிறகு எதைப் பார்த்தாலும் ஒரு நொட்டை சொல்கிறவராக அவர் ஆனபோது, பேர் இன்னும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. அச்சுத் தொழிலில் அது ஒரு கெட்ட குணமும் இல்லை.

"நாளைக்கு நாரணாபுரம் வா. ஒரு ஆர்டர் இருக்கு, உனக்குன்னு வச்சிருக்கேன்" என்று காதில் சொன்னான் நவநீதன். சீனிவாசகம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து வைத்தார். இறங்கும்போது அவர் போர்த்திய ஆடையை ஒரு பையன் உருவி, மற்ற ஆடைகளின் குவியலில் எறிவதைப் பார்த்தார். நல்லதாக வாங்காதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் கம்பெனி ஆபீஸில் நவநீதனின் மகள் ரோஷினி லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூரில் டிசைன் படித்துவிட்டு வந்த பெண். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள்தான் பேசினாள். வானத்துக்குப் போய் வரிசையாக வெடிக்கிற பெட்டிக்குச் சிவகாசியில் ஷாட் என்று பேர். பன்னிரண்டு ஷாட், முப்பது ஷாட், அறுபது ஷாட் என்று எத்தனை வெடிக்கிறதோ அத்தனை. எல்லாக் கம்பெனியும் அதைத்தான் விற்கிறது. இந்தத் தீபாவளிக்கு அவர்களுடைய என்.கே. கம்பெனியின் அறுபது ஷாட்டுக்கு அவள் ஒரு பேர் வைத்திருந்தாள்: கேப்டன் ஷாட்.

"அப்பா ஷாட் ஆடினவரு, நாம ஷாட் விக்கிறோம். ரெண்டையும் சேத்துட்டேன் மாமா. பெட்டி மேல அப்பா ஆடுற படம். புது கிரவுண்ட் திறப்பு விழாவுல ரிலீஸ்."

நல்ல யோசனைதான். அதுதான் சீனிவாசகத்துக்குப் பொறுக்கவில்லை. மாநில அணித் தொப்பி கிடைத்தது, வேலை கிடைத்தது, கம்பெனி கிடைத்தது, செயலாளர் பதவி கிடைத்தது. அதற்கு மேல் இப்படி யோசிக்கிற மகளும் இவனுக்கே கிடைக்க வேண்டுமா?

"படம் எதும்மா?"

"பழைய ஆல்பத்துல இருந்து எடுத்தேன். செம படம் மாமா. அப்பாவும் பாத்து ஓகே சொல்லிட்டாரு."

நவநீதன் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டிருந்தான். "நீ பாத்துக்கோலே" என்று மட்டும் சொன்னான். சீனிவாசகம் அதைப் பெரிய மனுஷத் தோரணை என்று எடுத்துக்கொண்டார்.

ஃபைல் வந்து, கம்ப்யூட்டர் பார்க்கிற எழில் மாதிரித் தாள் ஒன்றை எடுத்துக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டினார். நீலமும் மஞ்சளுமாக வாணம் சிதறுகிற பின்னணி, நடுவில் வெள்ளை உடையில் ஒருவன் முன்னங்காலை நீட்டி மட்டையை வீசியிருக்கிறான், பந்து கவர் பக்கம் சீறிக்கொண்டு போகிறது. தலையில் ஹெல்மெட், முகத்தில் கம்பி நிழல். கீழே 'கேப்டன் நவநீதகிருஷ்ணன்'. அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவருடைய வயிற்றுக்குள் சித்திரை வெயிலில் மோர் இறங்குகிற மாதிரி ஒரு குளிர்ச்சி இறங்கியது.

நவநீதன் வலது கை ஆட்டக்காரன். படத்தில் இருக்கிறவன் நொட்டாங்கை.

என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு உடனே பிடிபட்டது. டிசைன் செய்கிறவர்கள் செய்கிற வேலைதான். மட்டை வீச்சு பெட்டியில் இருக்கிற கம்பெனி பேரைப் பார்த்து இருக்கவேண்டும் என்று ரோஷினி படத்தை இடவலமாகப் புரட்டிப் போட்டிருக்கிறாள். அவருடைய அச்சகத்திலேயே முன்பு ஒருதரம் அப்படி நடந்து, காலண்டரில் இடப்பக்கம் வளையவேண்டிய பிள்ளையார் தும்பிக்கை வலப்பக்கம் வளைந்துவிட்டது. காரைக்குடிப் பார்ட்டி மொத்த லோடையும் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் அவர் முதலில் பார்ப்பது படம் புரண்டிருக்கிறதா என்பதைத்தான்.

ஆனால் இன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள். மாநிலத்துக்கு ஆடியவர்கள், தேர்வுக் குழுவில் இருந்தவர்கள். கேப்டன், தன் பெட்டியில் தானே கை மாறி நிற்கிறான்! செயலாளருக்குத் தன் வலது கை எது என்று தெரியவில்லை! யாராவது ஒருத்தன் சிரித்தால் போதும், செல்போனில் படம் எடுத்துப் போட்டுவிடுவான், ஊர் சிரிக்கும். தான் எதுவும் செய்யவேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான வேலை அவருக்கு வந்ததே இல்லை.

"அண்ணாச்சி, ஓகேவா? அச்சுக்குப் பிளேட் போட்டுறவா?" என்றாள் எழில்.

"இரு தாயி. நிதானமாப் பாப்போம்."

சும்மா ருசிக்கத்தான் பார்த்தார். ஆனால் பழகின விரல் தன் பாட்டுக்குப் படத்தில் இருந்தவனின் மார்புக்குப் போயிற்று. படம் புரண்டிருக்கிறதா என்று பார்க்க அச்சகத்தில் ஒரே வழிதான். ஆண்பிள்ளை சட்டையில் பாக்கெட் இடது மார்பில் இருக்கும். படம் புரண்டால் பாக்கெட்டும் புரண்டு வலது மார்புக்குப் போய்விடும். அவர் விரல் நின்ற இடத்தில் பாக்கெட் இருந்தது. இடது மார்பில், இருக்கவேண்டிய இடத்தில்.

படம் புரளவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். முன்னால் நீட்டியிருந்த காலில் கட்டியிருந்த பேடைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேல் வார் இல்லை. அந்த இடத்தில் சணலால் கட்டியிருந்தது. அச்சகத்தில் பார்சல் கட்டுகிற சணல். வார் அறுந்த பேடுக்கு அப்பாவின் பார்சல் மேஜையிலிருந்து அவரே திருடிக்கொண்டு போனது. அணிக்கே அன்றைக்கு இருந்தது ஒரே ஹெல்மெட். முதலில் இறங்குகிற கேப்டன் நவநீதன் போட்டுக்கொண்டு போவான். அவுட் ஆகி வரும்போது எல்லைக் கோட்டில் வைத்து அடுத்து இறங்குகிற சீனிவாசகத்தின் தலையில் மாட்டிவிடுவான். உள்ளே அவனுடைய வியர்வை சூடாக இருக்கும். விருதுநகரில் நடந்த அந்த இறுதி ஆட்டத்துக்கு ஸ்டூடியோக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தது நவநீதனின் அப்பா. மகனைப் படம் எடுக்கத்தான் கூட்டி வந்தார். ஹெல்மெட் போட்டவனை எடுக்கச் சொல்லியிருப்பார். ஹெல்மெட் கை மாறியதை ஸ்டூடியோக்காரர் கண்டாரா?

படத்தில் இருப்பது சீனிவாசகம்.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். எழில், "என்ன அண்ணாச்சி, மிஸ்டேக்கா?" என்று கேட்டாள். "தெரியல, நாளைக்குச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வண்டியில் போகும்போது அந்த ஷாட் அவருடைய முழங்கையில் இருந்தது. அந்த ஆட்டத்தை மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். இரண்டு பேரையும் புரட்டாசியில் தேர்வுக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தது. புரட்டாசி என்றால் தீபாவளி லேபிள் கடைசி ஓட்டம், மிஷின் நிற்காது. "சீசன்ல என்னலே பந்தடி?" என்றார் சீனிவாசகத்தின் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது. நவநீதன் வீட்டிலும் சீசன்தான், ஆனால் அங்கே மானேஜர்கள் இருந்தார்கள். போனான். எடுத்துக்கொண்டார்கள். அவன் அதற்குப் பிறகு உழைத்தான் என்பதும், தினமும் விடியுமுன் எழுந்து ஓடினான் என்பதும் சீனிவாசகத்துக்குத் தெரியாததல்ல. பொறாமைப்படுகிற நேரத்தில் அதையெல்லாம் எடுத்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

வீட்டில் சொர்ணலட்சுமி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாளை விரித்துப் பிடித்து, "யாருன்னு சொல்லு பாப்போம்" என்றார். அவருடைய குரலே ஒரு மாதிரி இருந்தது.

அவள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இதென்ன கேள்வி? கீழதான் பேர் போட்டிருக்குல்லா. நவநீதண்ணன்." பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "அந்தக் காலத்துல எம்புட்டு அம்சமா நின்னிருக்காக! நீங்களும் இவுகளோடதான ஆடுனீக? உங்க படம் ஒண்ணுகூட நம்ம வீட்ல இல்லையே?"

சீனிவாசகத்துக்குச் சுருக்கென்றது. கட்டின மனைவி இன்னொருத்தனை அம்சம் என்று சொல்லிவிட்டாள் என்ற கோபம் முதலில் வந்தது. அந்த இன்னொருத்தன் தான்தான் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் கோபம் போகவில்லை. ஒரு மனுஷன் தன்மேலேயே பொறாமைப்பட முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. "நான்தாட்டீ அது" என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் என்ன நினைப்பாள் என்றும் அப்போதே தெரிந்துவிட்டது. பதவி கிடைக்காததிலிருந்து இந்த மனுஷன் ஒரு தினுசாகத்தான் இருக்கிறார், இப்போது நவநீதண்ணன் படத்தையே தன் படம் என்கிறார் என்று நினைப்பாள். திறந்த வாயில் தோசையைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் அச்சகத்தில் தாளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரோஷினிக்கு ஒரு போன் போட்டால் போதும். "ஐயோ சாரி மாமா" என்பாள். ஐந்து நிமிஷத்தில் உண்மையான நவநீதன் படத்தை வைத்துவிடுவாள். சீனிவாசகம் மறுபடியும் அவர்கள் வீட்டு ஆல்பத்துக்குள் போய் மூடிக்கொள்வார், இனி வெளியே வரமாட்டார். போன் போடாவிட்டால், பாட்னாவுக்கும் டெல்லிக்கும் லாரி லாரியாக அவர் போவார். கடை வாசலில் அடுக்கப்படுவார், சனங்கள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். நவநீதன் என்ற பேரோடு. சொல்லிவிட்டால் அவர் இல்லை. சொல்லாவிட்டால் அவர் வேறு ஒருத்தன்.

மூன்றாவதாக ஒன்று மெதுவாகத் தோன்றியது. முதலில் அச்சடிப்போம். பெட்டி வெளியே வரட்டும். விழாவில், சென்னை ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று, "இந்தப் படத்துல இருக்கவன் எந்தக் கையில ஆடுதான், பாருங்க" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்குமேல் அவர் எதுவும் பேசவேண்டாம். திருப்பி வாங்க முடியாத அளவுக்குப் பெட்டி போயிருக்கும். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதைப் பார்த்துவிட்டால் போதும்.

"ஓட்டு தாயி" என்றார் எழிலிடம்.

அந்த லேபிளைப் போல அவர் வேறு எந்த வேலையையும் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. வெள்ளைச் சட்டையில் மஞ்சள் ஏறுகிறது என்று மிஷினை நிறுத்தச் சொன்னார். பந்தின் சிவப்பு போதாது என்று மையைக் கூட்டச் சொன்னார். தாள்கள் வந்து விழுகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சடக் சடக்கென்று ஒவ்வொரு தாளிலும் அதே முழங்கை உயர்ந்து, அதே மட்டை சாய்ந்து, பந்து அதே இடத்துக்குப் போயிற்று. அன்றைக்கு ஒரே ஒருமுறை ஆடிய ஷாட். கண் நிறைந்தது. கண் கொஞ்சம் கீழே இறங்கினால் பேர். நாள் முழுக்க அவர் கண்ணைக் கீழே இறக்காமல் பார்க்கப் பழகிக்கொண்டார்.

ஆவணியில் திறப்பு விழா. புல் தரை பச்சைப் பட்டு விரித்தது போல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. இருந்தாலும் மேற்கு எல்லையில் தரை கொஞ்சம் இறங்குகிறது, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்று சீனிவாசகம் பக்கத்திலிருந்த ஒருவரிடம் சொன்னார். சொர்ணலட்சுமி பட்டுப்புடவையில் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் கேப்டன் ஷாட் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு சீனிவாசகம் கூட்டத்தைப் பார்த்து மட்டையை வீசிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் பார்த்தார்கள், "நல்லாருக்கு" என்றார்கள், நகர்ந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சேர்ந்து ஆடிய பழைய ஆட்கள்கூடப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் எந்தக் கையால் ஆடினான் என்பதை அவனும் அவனைப் பார்த்து வயிறெரிந்தவனும்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

மைதானத்தின் மறுகோடியில், வெள்ளைத் திரைக்குப் பின்னால், கம்பெனி ஃபோர்மேன் முனியசாமி நாலு பெட்டிகளைத் தரையில் பதித்து வைத்துக்கொண்டு நின்றார். இருட்டத் தொடங்கியதும் செயலாளர் பேசுவார். பேச்சின் முடிவில் 'கேப்டன் ஷாட்' என்று சொல்வார். ஸ்பீக்கரில் 'ஷாட்' என்ற சொல் காதில் விழுந்ததும் பற்ற வைக்கவேண்டும். இதை ரோஷினி அவருக்கு இரண்டுமுறை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

சிறப்பு விருந்தினராக வந்தவர் அந்தக் காலத்து மதுரைத் தேர்வாளர். எண்பதைத் தாண்டியவர், இரண்டு கண்ணிலும் ஆபரேஷன். நவநீதன் அவரைக் கைத்தாங்கலாகப் பெட்டிக் கோபுரத்தின் அருகே கூட்டிவந்தபோது, சீனிவாசகமும் பக்கத்தில்தான் நின்றார். கேட்கவேண்டிய கேள்வி தொண்டையில் தயாராக இருந்தது. பெரியவர் பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"விருதுநகர் மேட்ச்" என்றார். "இதேதான். இந்த முழங்கையப் பாரு! இந்த ஒரு ஷாட்டப் பாத்துட்டுத்தான்யா நான் உன் பேர எழுதுனேன், நவநீதா."

அவர் நிஜமாகவே ஞாபகத்திலிருந்துதான் சொன்னாரா, விழாவில் சொல்கிற மரியாதைப் பேச்சா என்று தெரியாது. சீனிவாசகத்தின் தொண்டையில் இருந்த கேள்வி எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் நவநீதனைப் பார்த்தார். எள்ளும் கொள்ளும் வெடிக்கவில்லை. அந்த முகம் பூராவும் வற்றிப்போயிருந்தது. பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நவநீதன் சீனிவாசகத்தின் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"நீ பாத்துட்டுத்தானலே லேபிள அடிச்ச?"

"என்னத்த?"

"நடிக்காத நொட்டை. பிள்ளையார் தும்பிக்கையில பட்டவன் நீ. பாக்கெட்டப் பாக்காமயா பிளேட் போட்டிருப்ப?"

சீனிவாசகம் நடிப்பை விட்டார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ரோஷினி ஆல்பத்தத் தூக்கிட்டு வந்த அன்னைக்கே தெரியும்." நவநீதன் செருப்பால் புல்லைத் தேய்த்தான். "'அப்பா, நீங்க ஆடுனதுலயே இதுதான் பெஸ்ட்டு'ன்னா. எம்புள்ள என்னைய அப்படிப் பாத்ததே இல்லலே. இல்லன்னு சொல்ல வாய் வரல."

மேடையில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அந்த ஷாட்ட எத்தன நாள் நெட்ல ஆடிப் பாத்திருப்பேன் தெரியுமா?" என்றான் நவநீதன். "சென்னையில, யாரும் இல்லாத நேரமாப் பாத்து. உன் முழங்கைய மனசுல வச்சுக்கிட்டு, வலது கைக்கு மாத்தி. வரவே இல்ல. கடசி வரைக்கும் வரல."

சீனிவாசகத்துக்கு இதைக் கேட்டுச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்ததுதான். நெஞ்சு ஒரு சுற்றுப் பெரிதானது மாதிரிகூட இருந்தது. ஆனால் அது அடங்குவதற்குள் பழைய எரிச்சல் மேலேறி வந்தது. இவனிடம் எல்லாம் இருந்தது. தன்னிடம் இத்தனை வருஷமாக இருந்ததெல்லாம் இவன்மேல் பட்ட பொறாமை ஒன்றுதான். அதிலும் பங்கு கேட்டு வந்துவிட்டானே என்று தோன்றியது.

"நீ ஏன் சொல்லல?" என்றான் நவநீதன்.

"சொல்லியிருந்தா எடுத்திருப்ப."

நவநீதன் தலையை ஆட்டினான். அவனுக்கு அது புரிந்தது. ஊரிலேயே அவன் ஒருத்தனுக்குத்தான் அது புரியும். "இப்ப மேடையில சொல்லிறவா?"

வேண்டாம் என்று சொல்கிற பெரிய மனசு சீனிவாசகத்திடம் மிச்சமில்லை. இருந்ததை ஏற்கனவே ஒருமுறை கொடுத்துவிட்டார். சொல்லு என்று கேட்கவும் கூசியது. மேடையில் ரோஷினி சரிந்திருந்த பெட்டி ஒன்றை எடுத்து நேராக வைத்து, தன் புடவைத் தலைப்பால் மேலே இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் இஷ்டம்" என்றார்.

அவர் வந்து சொர்ணலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க போனீக? உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள். அவர் மேடையையே பார்த்தார். நெஞ்சு, ஆட இறங்கப் போகிறவனுக்கு அடிப்பதுபோல அடித்துக்கொண்டது. நவநீதன் மைக்கின் முன் வந்து நின்றான். சங்கத்துக்கு நன்றி சொன்னான், இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்னான், பெரியவரைக் கும்பிட்டான். பாக்கெட்டிலிருந்து எழுதி வைத்திருந்த தாளை எடுத்தான், அதைப் பார்க்காமலே மறுபடி உள்ளே வைத்தான். மேலே போட்டிருந்த விளக்கு வெளிச்சத்தில் அவன் நெற்றி மின்னியது.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றான். கூட்டம் லேசாகத் திரும்பிப் பார்த்தது. "இந்தப் பெட்டியில எம் பேர் போட்டிருக்கு. ஆனா இந்த ஷாட்டு..."

மறுகோடியில், வெள்ளைத் திரைக்குப் பின்னால், முனியசாமி குனிந்தார்.

"இந்த ஷாட்ட ஆடுனது நான் இல்ல. ஆடுனது..."

முதல் வெடி மேலே போய்ப் பிளந்தது. மைதானமே அதிர்ந்தது. அதன் பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது, பிறகு எண்ண முடியாதபடி. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக் கூச்சலிட்டார்கள். சீனிவாசகம் ஒருவர் மட்டும் வானத்தைப் பார்க்காமல் நவநீதனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. நிற்கவில்லை, அசைந்துகொண்டே இருந்தது. சீனிவாசகம் என்ற பேரைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும், அதற்கு உதடு எங்கே சேரவேண்டும், எங்கே பிரியவேண்டும் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பச்சை வெளிச்சத்தில் ஒருமுறை சேர்ந்த மாதிரி இருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் அது வேறு எதுவோ மாதிரியும் இருந்தது. அவன் சொல்லிவிட்டானா, இன்னும் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறானா, இல்லை அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்து வேறு ஏதாவது பேசுகிறானா? எழுந்து நின்றார். அது அவருக்கே தெரியவில்லை.

கூட்டம் முழுக்கக் கை தட்டியது. வாணத்துக்கா, வேறு எதற்காவதா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"என்ன சொன்னாக?" என்று சொர்ணலட்சுமி அவர் காதருகே கத்தினாள்.

"கேக்கல" என்றார்.

வானத்திலிருந்து தங்கமும் பச்சையுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் அண்ணாந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில், அப்பாவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்த ரோஷினி மட்டும் நிமிரவில்லை. கோபுரத்திலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, வெளிச்சம் வரும் பக்கமாகத் திருப்பிப் பிடித்து, அதிலிருந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.